குளிர் அணு ஈர்ப்புமானி முரண்டு பிடிக்கும்போது: குமரிக் கடலோர ஆய்வுக்கூடத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

ருபிடியம்-87 அணுக்களை லேசர் ஒளியால் குளிரவைத்து, வெற்றிடக் குழாய்க்குள் விழவிட்டு, அவை விழும் முடுக்கத்தை மூன்று ராமன் துடிப்புகளால் (இரு லேசர் கதிர்கள் சேர்ந்து தரும் குறுகிய ஒளித் துடிப்புகளால்) அளக்கும் கருவியை அன்றாடம் இயக்குபவர்களுக்காக இக்குறிப்பை எழுதுகிறேன். துடிப்புகளுக்கு இடையே 100 மில்லிவிநாடி, மொத்த வீழ்ச்சி சுமார் 20 செ.மீ. என்ற அளவுகளை வைத்தே கீழே எண்களைத் தந்திருக்கிறேன். மைக்ரோகால் என்பது விநாடி வர்க்கத்துக்கு ஒரு மீட்டர் என்னும் முடுக்கத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

இத்தகைய கருவிகளின் கையேடுகள் பெரும்பாலும் குளிர்ந்த, உலர்ந்த ஊர்களில் எழுதப்பட்டவை. அவற்றில் முதலில் சந்தேகிக்கச் சொல்லும் உறுப்புகள் நாகர்கோவிலுக்கும் கடலுக்கும் இடையே இருக்கும் ஒரு கூடத்தில் பெரும்பாலும் குற்றமற்றவையாகவே இருக்கின்றன. இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியவை ஈரம், உப்புக் காற்று, கடல் அலை, நிலத்தடி நீர் ஆகியவைதாம். இந்த வரிசையை மாற்றியதால் வெற்றிட அறையைத் தேவையின்றித் திறக்கும் நிலைக்கு ஒருமுறை நாங்கள் வந்துவிட்டோம். அந்த வரிசை பிறருக்கும் பயன்பட வேண்டும் என்பதே எழுதுவதன் காரணம்.

எதையும் தொடுமுன் இரண்டை நினைவில் கொள்ள வேண்டும். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கிய சிவப்பாக மட்டுமே தெரியும், ஆனால் அதன் திறன் விழித்திரையைச் சுடப் போதுமானது, ஆகவே உரிய கண்ணாடி அணியாமல் கதிரின் மட்டத்துக்குத் தலையைக் கொண்டுபோகக் கூடாது. வெற்றிடத்தைக் காக்கும் அயனி பம்பின் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் இருக்கும்.

அறிகுறி 1: அணுமேகம் தோன்றவே இல்லை

லேசர் ஒளி அறைக்குள் போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஷட்டர் திறக்காமல் இருப்பது, ஒளியிழையின் முனை தளர்ந்திருப்பது, இரண்டாம் லேசரான மீள்ஏற்றி லேசர் அணைந்திருப்பது ஆகிய மூன்றையும் ஐந்தே நிமிடத்தில் பார்த்துவிடலாம். மீள்ஏற்றி இல்லையென்றால் அணுக்கள் குளிர்விக்கும் ஒளியைக் காணாத நிலைக்குச் சென்று தேங்கிவிடும், மேகம் அறவே உருவாகாது.

ஒளி இருந்தும் மேகம் இல்லையென்றால், லேசரின் அதிர்வெண் ருபிடியத்தின் சரியான நிறமாலைக் கோட்டில்தான் பூட்டப்பட்டிருக்கிறதா, அதாவது நிலைநிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயற்கை ருபிடியத்தில் 72 விழுக்காடு 85 எடையுள்ள ஐசோடோப்பு, 28 விழுக்காடே நமக்கு வேண்டிய 87. ருபிடிய ஆவிக்குப்பி ஒளியை உறிஞ்சும் அளவைக் காட்டும் உட்கவர்வுப் படத்தில் 85-இன் பள்ளம் ஆழமாகத் தெரிவதால், மின்தடைக்குப் பிறகு அவசரத்தில் லேசரைத் திரும்பப் பூட்டுபவர் அதிலேயே பூட்டிவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. நான்கு பள்ளங்களையும் ஒருமுறை முழுமையாக வருடிப் பார்த்து, எந்தப் பள்ளம் எது என்று திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

லேசரின் திறன் குறைந்திருந்தால்

ஜூன் முதல் நவம்பர் வரை நம் பகுதியில் காற்றின் பனிநிலை (ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24, 25 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. லேசர் ஒளியைத் தரும் டயோடைப் பல கையேடுகள் 20 டிகிரியில் வைக்கச் சொல்கின்றன. ஏசி ஓடும்வரை அறைக் காற்று உலர்ந்திருப்பதால் சிக்கல் இல்லை. மின்சாரம் போனதும் ஏசி நின்றுவிடும், ஆனால் யூ.பி.எஸ்.ஸில் ஓடும் குளிர்விப்பான் டயோடைத் தொடர்ந்து 20 டிகிரியிலேயே வைத்திருக்கும், கதவைத் திறந்து மூடும்போது வெளிக்காற்று உள்ளே வரும், டயோடின் முன்னுள்ள லென்ஸில் பனி படியும். ஒருநாள் அந்த லென்ஸைக் கைவிளக்கால் சாய்வாகப் பார்த்தபோது, குளிர்ந்த மோர்ச் செம்பின் வெளிப்புறம் போல நுண்துளிகள் வரிசையாக நின்றன. துடைக்கக் கூடாது, டயோடின் மின்னோட்டத்தை அணைத்து, வெப்பநிலையை 28 டிகிரிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் காத்திருந்தால் தானாக உலர்ந்துவிடும். நிரந்தரத் தீர்வாக, டயோடின் இயங்கு வெப்பநிலையைப் பனிநிலைக்கு மேலே வைத்து அலைநீளத்தை மின்னோட்டத்தால் சரிசெய்யலாம். அப்படிச் செய்ய இடமில்லாத டயோடானால், லேசர் பெட்டியை அடைத்துச் சிலிகா ஜெல் பையை உள்ளே வைத்து, பை நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். உலர்ந்த பிறகும் பழைய திறனில் பாதிகூட வரவில்லை என்றால் டயோடின் முகம் பழுதாகியிருக்கிறது, அதை வாங்கிய இடத்துக்கே அனுப்புவது தவிர வழியில்லை.

அயனி பம்பின் மின்னோட்டம் ஏறியிருந்தால்

இந்த இடத்தில்தான் மிகப் பொறுமை வேண்டும். அயனி பம்பின் மின்னோட்டத்தையே அறையின் காற்றழுத்தத்துக்கான அளவாக நாம் படிக்கிறோம். அந்த எண் பத்து மடங்கு ஏறியிருப்பதைக் கண்டதும் வெற்றிடம் கசிகிறது என்ற முடிவுக்கு வருவது இயல்பு. நாங்களும் வந்தோம். ஒரு ஐப்பசி மாதம், நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு அந்த எண் ஏறியது. ஆர்கான் பாய்ச்சி அறையைத் திறக்கவும், புது தாமிர வளையங்கள் வாங்கவும் திட்டமிட்டோம். அறையைத் திறந்தால் மீண்டும் 150 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாரக்கணக்கில் வேகவைக்க வேண்டியிருக்கும், அதற்குள் ஒரு பருவத்தின் அளவீடே போய்விடும்.

அறையைத் திறக்கவிருந்த நாளுக்கு முந்தைய மாலை, அணுமேகம் நிரம்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஒருவர் அளந்து பார்த்தார். மழைக்கு முன்பிருந்த அதே நேரம்தான் வந்தது. வெற்றிடம் உண்மையில் பத்து மடங்கு கெட்டிருந்தால், மீதிக் காற்று மூலக்கூறுகள் மோதி அணுக்களைத் தட்டிவிடுவதால் மேகத்தின் ஆயுள் கண்கூடாகக் குறைந்திருக்கும். ஆக, வெற்றிடம் நன்றாகவே இருந்தது, உயரழுத்த இணைப்பின் பீங்கான் மேல் படிந்த உப்பும் ஈரமும் சேர்ந்து ஒரு கசிவு மின்னோட்டத்தைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. பம்பை அணைத்து, சில நிமிடம் விட்டு, இணைப்பைக் கழற்றி, தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மிதமான சூட்டில் உலர்த்தி மாட்டியதும் எண் பழைய இடத்துக்கு இறங்கியது. பீங்கானின் ஓரத்தில் வெண்மையான ஒரு மெல்லிய வளையம் இருந்தது, விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. அதைப் பார்த்த பிறகு அன்றிரவு எவருக்கும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

எனவே விதி இதுதான்: பம்பின் எண்ணும் மேகத்தின் நிரம்பு நேரமும் ஆகிய இரண்டும் சேர்ந்து கெட்டால் மட்டுமே வெற்றிடத்தைச் சந்தேகிக்கவும். இரண்டும் கெட்டிருந்தால் தாங்களே போல்ட்டைத் தொடாமல் வெற்றிடப் பொறியாளரை அழைக்கவும்.

அறிகுறி 2: மேகம் இருக்கிறது, ஆனால் விழும்போது பரவிக் கரைந்துவிடுகிறது

குளிர்வித்த அணுக்கள் சில மைக்ரோகெல்வின் அளவில் இருக்க வேண்டும். அதைவிடச் சூடாக இருந்தால் கீழேயுள்ள கண்டறிவான் வரை போதிய அணுக்கள் வந்து சேராது. ஆறு கதிர்களின் திறன் சமநிலையையும் துருவப்படுத்தலையும் (ஒளியலை அதிரும் திசையையும்) முதலில் பார்க்கவும். ஏசி நின்று ஓடும்போது ஒளியிழைகளில் துருவப்படுத்தல் புரளும்.

அவை சரியாக இருந்தால் காந்தப்புலத்துக்கு வரவும். குமரி மாவட்டம் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் பக்கத்துத் திருநெல்வேலியில் தன் ஆய்வகத்தை வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். ஐரோப்பாவில் புவியின் புலம் பெரும்பாலும் செங்குத்தாக நிலத்துக்குள் பாய்கிறது, இங்கே ஏறக்குறைய 0.4 காஸ் முழுவதும் கிடையாக, தெற்கு வடக்காகப் படுத்திருக்கிறது. புவியின் புலத்தை ஈடுசெய்யும் கம்பிச்சுருள்களுக்கு வெளிநாட்டுக் கூடம் வைத்த மின்னோட்டங்களை அப்படியே உள்ளிட்டால், இல்லாத செங்குத்துப் புலத்தை நாமே உருவாக்கி, இருக்கும் கிடைப்புலத்தை விட்டுவைத்துவிடுவோம். மைக்ரோ அலையை 6.834 கிகாஹெர்ட்ஸ் சுற்றி வருடினால், தெரியும் ஏழு கோடுகளில் அடுத்தடுத்தவற்றின் இடைவெளி ஒரு காஸுக்கு 0.7 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில் மீதிப் புலத்தை நேராகச் சொல்லிவிடும். மூன்று சுருள் இணைகளையும் ஒவ்வொன்றாகத் திருகி, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும்வரை கொண்டுவரவும். சுருள்கள் முழு அளவில் ஓடியும் சேரவில்லை என்றால், அருகில் ஏதேனும் இரும்பு அலமாரியோ எரிவாயு உருளையோ புதிதாக வந்திருக்கிறதா என்று பார்க்கவும்.

அறிகுறி 3: குறுக்கீட்டுப் பட்டைகள் சிதறுகின்றன

மூன்று துடிப்புகளுக்குப் பின் மேல் ஆற்றல் நிலையில் இருக்கும் அணுக்களின் விகிதம், லேசரின் கட்டத்தை (அலைச் சுற்றில் அது இருக்கும் இடத்தை) நகர்த்தும்போது ஏறி இறங்குவதே பட்டை. இங்கே எந்தப் பகுதியையும் தொடுவதற்கு முன் ஒரே ஒரு படம் வரைய வேண்டும். பட்டையின் நடுவில் நிற்காமல், கட்டத்தைச் சீராக நகர்த்தியபடி ஐந்நூறு வீழ்ச்சிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் மேல் நிலையில் இருந்த அணுக்களின் விகிதத்தை அடுக்குப் படமாக (எந்த மதிப்பு எத்தனை முறை வந்தது என்று காட்டும் படமாக) வரையவும். அடுத்து என்ன செய்வது என்பதை அந்தப் படத்தின் வடிவம் தீர்மானிக்கும்.

படத்தில் இரண்டு ஓரங்களிலும் குவியல் நின்றால்

பட்டையின் உயரம் நன்றாகவே இருக்கிறது, கட்டம் மட்டும் அலைகிறது என்று பொருள். அதாவது ஆடியை, அல்லது லேசரின் கட்டப் பூட்டை, ஏதோ அசைக்கிறது. கதிரைத் திருப்பியனுப்பும் ஆடி 390 நானோமீட்டர் நகர்ந்தாலே ஒரு முழுப் பட்டை நகர்ந்துவிடும் என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால் எதையெல்லாம் சந்தேகிக்க வேண்டும் என்பது விளங்கும்.

அதிர்வைத் தடுக்கும் மேடையைத் தரையோடு இணைக்கும் கம்பி ஏதேனும் விறைத்துத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பது முதல் சோதனை. எங்கள் கூடத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரம் காரணம் அதுதான். அடுத்து ஏசியின் கம்ப்ரசர், மொட்டைமாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார், பக்கத்துச் சாலையின் லாரிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தியோ, இரவில் அளந்தோ ஒப்பிடவும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கருவியைக் கொண்டுபோய்த் திறந்தவெளியில் அளவீடு செய்பவர்கள் காற்றாலைகளின் அடித்தளத்திலிருந்து இயன்றவரை விலகியே நிற்க வேண்டும்.

அடுத்தடுத்த புள்ளிகள் ஒரு தாளத்தோடு ஏறி இறங்கினால்

புள்ளிகளை எடுத்த வரிசையிலேயே வைத்துப் பார்க்கவும். ஆறிலிருந்து பத்து விநாடிக்கு ஒருமுறை அவை மெல்ல ஏறி மெல்ல இறங்கினால், அது கடல். அலைகள் கடற்தரையை அழுத்துவதால் நிலத்தில் 0.1 முதல் 0.3 ஹெர்ட்ஸ் வரை ஓர் இடைவிடாத நடுக்கம் எப்போதும் உண்டு, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் கரையில் அது பெரிதாகிறது. மேடையின் இயல்பு அதிர்வெண் 0.5 ஹெர்ட்ஸ் என்றால், அதற்குக் கீழான நடுக்கம் எவ்விதத் தடையுமின்றி ஆடிக்குப் போய்ச் சேரும், மேடையை எவ்வளவு சரிசெய்தாலும் பயனில்லை.

ஓர் ஆனி மாதம் மூன்று நாள் முழுவதும் ராமன் லேசர்களின் கட்டப் பூட்டைப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் காலை எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மா வரவில்லை. விசாரித்தபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை இருப்பதால் முட்டத்திலும் குளச்சலிலும் வள்ளங்கள் இறங்கவில்லை என்றார்கள். காற்றே இல்லாத நாளில் தொலைதூரப் புயலின் நெடிய அலைகள் வந்து கரையேறுவதைத்தான் நம் மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை என்பதால் கடலை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. நிலநடுக்கமானியின் பதிவைத் திறந்தபோது புள்ளிகளின் தாளமும் அதன் தாளமும் ஒன்றாகவே இருந்தன. அன்றிலிருந்து கடல் நிலை அறிவிப்பைப் பதிவேட்டின் முதல் வரியில் எழுதுகிறோம்.

தீர்வு மூன்று. துடிப்பிடை நேரத்தைப் பாதியாக்கினால் இந்த நடுக்கத்தின் விளைவு கால் பங்காகும், ஆனால் ஈர்ப்புக்கான உணர்திறனும் அதே அளவு குறையும். ஆகவே இது பட்டையைத் தொலைக்காமல் பிடித்துவைக்க மட்டுமே உதவும். நீண்ட நேரம் சராசரி எடுப்பது இரண்டாவது. அகல்பட்டை நிலநடுக்கமானியை ஆடியோடு ஒரே தட்டில் வைத்து, ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் அதன் பதிவிலிருந்து கட்டத்தைக் கணக்கிட்டுக் கழிப்பது மூன்றாவது, செலவு மிக்கது, ஆனால் கடலோரக் கூடத்துக்கு இதுவே நிலையான தீர்வு.

குவியல் நடுவில் ஒடுங்கி நின்றால்

பட்டையின் உயரமே குறைந்துவிட்டது. அதிர்வைத் தேட வேண்டாம். ராமன் கதிரின் திறன் மாறி, துடிப்பின் நீளம் பொருந்தாமல் போயிருக்கலாம், துடிப்பின் நீளத்தை வருடி உச்சத்தை மீண்டும் கண்டுபிடிக்கவும். அது சரியானால் அறிகுறி 2-க்குத் திரும்பி அணுக்களின் வெப்பத்தைப் பார்க்கவும்.

அறிகுறி 4: பட்டை நன்றாக இருக்கிறது, ஆனால் மதிப்பு மணிக்கணக்கில் நகர்கிறது

நிலவும் கதிரவனும் இழுப்பதால் ஈர்ப்பு நாள்தோறும் நூற்றுக்கும் மேற்பட்ட மைக்ரோகால் ஏறி இறங்குவது இயல்பு. அதைக் கணக்கிட்டுக் கழித்த பிறகும் பன்னிரண்டு மணி நேர அலை மிச்சமிருந்தால், கழிக்கும் நிரலுக்குக் கொடுத்த நேரத்தை முதலில் பார்க்கவும். நிரல் உலக நேரத்தை எதிர்பார்க்கும், கணினி இந்திய நேரத்தைக் கொடுக்கும். ஐந்தரை மணி நேரப் பிழை, பன்னிரண்டரை மணி நேர ஓதத்தில் ஏறக்குறைய அரைச் சுற்று. ஆகவே கழித்தல் கூட்டலைப் போல ஆகி, மிச்சம் மூல அலையைப் போல இரு மடங்காகத் தெரியும். மிச்சம் மூலத்தைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டால் வேறெதையும் தேடாமல் கடிகாரத்தைத் திருத்தவும்.

நேரம் சரியாக இருந்தும் சில மைக்ரோகால் அலை எஞ்சினால், அது கடல் ஓதத்தின் எடை நிலத்தை அழுத்துவதால் வருவது. கடலிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் நமக்கு அதைக் கழிக்காமல் விட வழியில்லை. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறினால் ஈர்ப்பு சுமார் 0.3 மைக்ரோகால் குறையும். வெப்பமண்டலத்தில் அழுத்தம் காலை பத்து, இரவு பத்து மணியளவில் உச்சத்தையும், நான்கு மணியளவில் தாழ்வையும் தொட்டு நாளுக்கு இருமுறை அலைவதால், இதையும் ஓத அலை என்று தவறாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஒரே பக்கம் ஏறினால் நீரைப் பார்க்கவும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் நமக்கு உண்டு. பேச்சிப்பாறைத் தண்ணீரைத் திறந்து கன்னிப்பூ வயல்கள் நிறையும்போதும், ஐப்பசி மழையில் கும்பப்பூவுக்கு வயல்கள் நிறையும்போதும் நாஞ்சில் நாட்டின் நிலத்தடி நீர் மேலெழுகிறது. கூடத்துக்கு அருகிலுள்ள கிணற்றில் கயிறு விட்டு வாரம் இருமுறை நீர்மட்டத்தை அளந்தாலே போதும். மண்ணின் துளையளவு ஐந்தில் ஒரு பங்கு என்றால், நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறும்போது ஈர்ப்பு சுமார் 8 மைக்ரோகால் கூடும். அது கருவியின் பிழை அன்று, கருவி சரியாக வேலை செய்வதன் அடையாளம். அதைச் 'சரிசெய்ய' முயன்று நல்ல தரவைக் கெடுக்கக் கூடாது.

அறிகுறி 5: மதிப்பு திடீரெனத் தாவுகிறது

தாவல் ஏறக்குறைய 3,900 மைக்ரோகாலாகவோ அதன் மடங்காகவோ இருந்தால், கருவி பக்கத்துப் பட்டையில் பூட்டிக்கொண்டிருக்கிறது. விழும் அணுக்களின் வேகத்துக்கு ஈடாக லேசருக்குக் கொடுக்கும், விநாடிக்குச் சுமார் 25.1 மெகாஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் ஏற்றத்தை வைத்துக்கொண்டு, துடிப்பிடை நேரத்தை மூன்று அளவுகளுக்கு மாற்றி அளக்கவும். எந்தப் பட்டையின் நடு எல்லா அளவிலும் ஒரே இடத்தில் நிற்கிறதோ அதுவே உண்மையானது. வேறு அளவிலான தாவல் இடி மின்னலோடு வந்தால் நில இணைப்பையும் லேசர் பூட்டையும் பார்க்கவும்.

அறிகுறி 6: மதிப்பு அசையவில்லை, ஆனால் தவறான இடத்தில் நிற்கிறது

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கவும். உயரம் ஒரு செ.மீ. மாறினால் 3 மைக்ரோகால் மாறும், ஆகவே கால்களைத் திருகி மட்டம் வைத்த பிறகு உயரத்தைத் திரும்ப அளக்காமல் விடக் கூடாது. சாய்வு எப்போதும் மதிப்பைக் குறைத்தே காட்டும், 100 மைக்ரோரேடியன் சாய்வுக்கு 5 மைக்ரோகால் குறையும். அகலமான தட்டில் நீரை அசையாமல் வைத்து அதன் பரப்பிலிருந்து திரும்பும் கதிரோடு ஒப்பிட்டால் உண்மையான செங்குத்து கிடைக்கும், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்து, கருவியை முழுவதுமாக 180 டிகிரி திருப்பி அளக்கவும். அணுமேகம் விழும்போது கிழக்கு மேற்காக விநாடிக்கு 0.1 மி.மீ. நகர்ந்தாலே புவிச்சுழற்சியால் 1.4 மைக்ரோகால் பிழை வரும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இந்த விளைவு ஏறக்குறைய அதன் உச்ச அளவில் இருக்கிறது. இரு திசை மதிப்புகளின் சராசரி அதை நீக்கும், வேறுபாடு அதன் அளவைச் சொல்லும். அதுபோலவே ராமன் கதிர்களின் திசையை மேலும் கீழுமாக மாற்றிச் சராசரி எடுத்தால் ஒளிப்பெயர்ச்சியின் (லேசர் ஒளியே அணுவின் ஆற்றல் நிலைகளை நகர்த்துவதன்) பெரும்பகுதி நீங்கும். லேசரின் அதிர்வெண்ணில் 0.4 மெகாஹெர்ட்ஸ் பிழை ஏறக்குறைய ஒரு மைக்ரோகாலுக்குச் சமம் என்பதால் பூட்டின் இடப்பெயர்ச்சியையும் சரிபார்க்கவும்.

இவ்வளவும் செய்த பிறகும் நிலையான வேறுபாடு எஞ்சினால், ஆடியின் அல்லது சன்னலின் பரப்பால் அலைமுகம் வளைந்திருப்பதே எஞ்சிய சந்தேகம். அதை உள்ளூரில் தீர்க்க முடியாது, ஆடியைக் கழற்றிப் பரப்பை அளக்கும் வசதியுள்ள நிபுணரிடம் கொடுக்க வேண்டும், அல்லது ஒளியை வந்த வழியே திருப்பும் மூலைப் பட்டகத்தை விழவிட்டு ஈர்ப்பின் முழு மதிப்பையும் நேரடியாக அளக்கும் ஈர்ப்புமானியை வரவழைத்து ஒரே மேடையில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். 1999-இல் ஸ்டான்ஃபோர்டில் பீட்டர்ஸ், சங், சூ ஆகியோர் சீசியம் அணுக்களைக் கொண்டு இவ்வாறு ஒப்பிட்டபோது இரண்டும் நூறு கோடியில் ஏழு பங்குக்குள் ஒத்துப்போயின.

நிபுணரை அழைக்கும் நாளில் அவருக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டியவை: அடுக்குப் படம், மேகத்தின் நிரம்பு நேரம், பம்பின் எண், அறையின் வெப்பமும் ஈரப்பதமும், கிணற்று நீர்மட்டம், அன்றைய கடல் நிலை. கடைசி இரண்டையும் எதற்குக் கேட்கிறோம் என்று அவர் வியந்தாலும் விட்டுவிடாமல் சேர்த்து அனுப்பவும்.